வரலாற்றுப் புனைகதையில் சேதுச் சீமைப் பெண்டிர்: முழக்கமும் செயலும்

தமிழில் தோன்றிய முதல் வரலாற்று நாவல் ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கி வந்தது என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவியர் சற்றே நிமிர்ந்து உட்காருவதைக் கண்டிருக்கிறேன். திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895-இல் வெளியிட்ட 'மோகனாங்கி'யே அந்நாவல். அதை எழுதுவதற்கு முன்பே 'தத்தைவிடு தூது' என்ற சிறு நூலில் பெண்ணின் உரிமைக்காக வழக்காடியவர் அவர். அவருக்கும் முற்பட்டவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1879-இல் வெளிவந்த அவருடைய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு அரசு நடத்துகிறாள். அவள் நடத்தும் அரசைக் காட்டிலும் ஆசிரியர் நடத்தும் அறிவுரை நீளமானது என்பது வேறு செய்தி. ஆகவே கதைக்குள் கருத்தைப் புகுத்துவதும், அக்கருத்து பெண்ணைப் பற்றியதாக இருப்பதும் நம் புனைகதைக்குப் பிறவியிலேயே வாய்த்தவை எனலாம்.

இதனை ஈண்டு எழுதக் காரணம் உண்டு. கல்லூரி நாடகப் போட்டிக்கு வரும் கைப்பிரதிகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருந்துவருகிறது. வருபவற்றுள் பெரும்பாலானவை வேலு நாச்சியாரைப் பற்றியவை. 2008-இல் அஞ்சல்தலை வந்தது. 2014-இல் சிவகங்கையில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. அதன்பின் பள்ளி விழாக்களிலும் கல்லூரி மேடைகளிலும் நாச்சியார் வாளேந்தி வராத ஆண்டே இல்லை. இராமநாதபுரத்து அரண்மனையில் பிறந்த பெண் இவ்வாறு போற்றப்படுவது நமக்கெல்லாம் மகிழ்ச்சியே. எனினும் ஒரு கைப்பிரதியில் 'பெண்ணுக்குப் பெண்ணே துணை' என்ற தொடர் ஏழு இடங்களில் வந்தது. ஆறாவது இடத்தில் அதைச் சொன்னவர் குதிரைக்காரர்! கருத்து நல்லதுதான்; அதை இவ்வளவு உரக்கச் சொல்லவேண்டிய தேவை ஏன் வந்தது என்பதே என் வினா.

1772

வினாவுக்கு விடை காணுமுன் வரலாற்றை ஒருமுறை நோக்குவோம்.

சேது நாட்டின் ஒரு பகுதியாக இருந்த சிவகங்கை, பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தனி அரசாகப் பிரிந்தது. இராமநாதபுரத்தை ஆண்ட செல்லமுத்து விஜயரகுநாத சேதுபதியின் மகளாக 1730-இல் பிறந்த வேலு நாச்சியார், சிவகங்கை முத்துவடுகநாதருக்கு வாழ்க்கைப்பட்டார். செல்லமுத்து சேதுபதிக்குப் பின் அவருடைய உடன்பிறந்தாளான முத்துத் திருவாயி நாச்சியாரின் மகன் முத்துராமலிங்கம் பச்சிளங் குழந்தையாய் இருக்கும்போதே பட்டத்துக்கு உரியவனானான். குழந்தையின் பெயரால் தாயே அரசைக் கவனித்தார்.

ஆர்க்காட்டு நவாபுக்குக் கப்பம் வேண்டும். கும்பெனிக்கு நவாபு தரவேண்டிய கடன் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து மறவர் சீமையின்மேல் படை வந்தது. 1772 ஜூன் தொடக்கத்தில் ஜோசப் சுமித்தின் படை இராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தது. சிறுவனான சேதுபதியும் அவன் தாயாரும் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குச் சிறையாகக் கொண்டு செல்லப்பட்டனர். அதே மாதம் 25-ஆம் நாள் காளையார்கோயிலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியுடன் தப்பித் திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்தார். அவ்வாண்டு டிசம்பரில் பிரதானி தாண்டவராய பிள்ளை ஐதர் அலிக்குக் கடிதம் எழுதி, ஐயாயிரம் குதிரைப் படையும் ஐயாயிரம் காலாட் படையும் வேண்டினார். நாச்சியார் சிவகங்கைக்குத் திரும்பியது 1780-இல். அவர் மறைவு 1796 டிசம்பர் 25.

இவை ஏடுகளில் உள்ளவை. உடையாளும் குயிலியும் மக்கள் நாவில் உள்ளவர்கள். கும்பெனியாரின் கடிதங்களில் பீரங்கிக் கணக்கும் பாக்கித் தொகையும் கிடைக்கும்; மாடு மேய்த்த பெண்ணின் பெயர் அங்கே கிடைக்காது. ஏட்டில் இல்லாதது எல்லாம் பொய் என்று தள்ளிவிடுவாரும் உளர். மேடையில் கேட்டதெல்லாம் மெய் என்று கொள்வாரும் உளர். புனைகதை எழுதுவோன் இவ்விருவரோடும் வழக்காட வேண்டியதில்லை. இது ஏட்டுச் செய்தி, இது செவிவழிச் செய்தி என்று தன் மனத்துள் தெளிவாக வைத்துக்கொண்டால் போதும்.

உடையாளின் சொல்

கொல்லங்குடிப் பக்கத்துச் செவிவழிக் கதை சுருக்கமானது. தப்பிச் செல்லும் நாச்சியாரை உடையாள் பார்க்கிறாள். பின்தொடர்ந்து வந்த படைவீரர், எந்த வழியாகப் போனாள் என்று கேட்கின்றனர். தெரியும், ஆனால் சொல்லமாட்டேன் என்கிறாள். வெட்டப்படுகிறாள். பல ஆண்டு கழித்துத் திரும்பிய நாச்சியார் அவளை நினைந்து தம் வைரத்தாலியைக் காணிக்கையாக்கினார் என்பர். வெட்டுடையார் காளி கோயிலுக்குச் செல்வோர் இன்றும் இக்கதையைக் கேட்டு வருகின்றனர்.

இக்கதையை நம் மாணவர் எப்படி எழுதுகின்றனர்? வாளை ஓங்கி நிற்கும் வீரன் முன்னே உடையாள் ஒன்றரைப் பக்கம் பேசுகிறாள். பெண்ணினத்தின் பெருமை, தாய்மையின் மாண்பு, அந்நியன் ஆதிக்கம் எல்லாம் வருகின்றன. அத்தனையும் முடியும்வரை அவன் ஓங்கிய வாளோடு காத்திருக்கிறான். பொறுமையில் அவனுக்கு ஈடில்லை!

கதை தந்திருக்கும் விடையோ இரண்டே சொல்லில் அடங்கும். அதிலும் முதற் சொல்லைக் கவனிக்கவேண்டும். 'தெரியாது' என்று சொல்லியிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பாள். 'தெரியும்' என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்? பொய் சொல்லப் பழகாதவளா? அல்லது, தனக்கும் ஒன்று தெரியும் என்று சொல்லிக்கொள்ள அவளுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பே அதுதானா? மாட்டின் பின்னே நடந்த பெண்ணை அதுவரை யார் எதைக் கேட்டிருப்பார்கள்? இவ்விடத்தில் நின்று எழுதினால் ஒரு நாவலே எழுதலாம். சொற்பொழிவு வந்தால் இவ்வினாவுக்கு இடமில்லாமற் போய்விடுகிறது.

தாலியும் அப்படியே. கணவனை இழந்த பெண்ணுக்குத் தாலி கழற்றப்பட்ட பொருள். அதைப் பெட்டியில் வைத்துக் காத்தாரோ, எட்டாண்டு மடியில் சுமந்தாரோ, எப்படியோ அதைக் கொண்டுவந்து ஓர் ஏழைப் பெண்ணின் நினைவிடத்தில் வைக்கிறார். பொன் காசு வைத்திருக்கலாம், நிலம் எழுதியிருக்கலாம். தாலியை ஏன் வைத்தார்? ஒரு மனைவியிடம் உள்ளவற்றுள் எது விலையுயர்ந்தது என்று அக்காலம் கருதியதோ அதனைக் கொடுத்தார் என்பது ஒரு விடை. இனி எனக்குக் கணவனின் அடையாளம் வேண்டா, உன் அடையாளமே என் அடையாளம் என்பது மற்றொரு விடை. எழுதுவோர் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும். நான் படித்த கைப்பிரதிகளில் தாலி ஒரே வரியில் வந்து போகிறது; அதனைச் சுற்றிப் பின்னணி இசைக்குத்தான் நிறையக் குறிப்புகள்.

உரத்த குரலுக்கு ஓரிடம்

இதனால் உரத்த குரலே கூடாது என்று நான் சொல்வதாகக் கொள்ளவேண்டா. ஊர்த்திருவிழாவில் ஆயிரம் பேர் மணலில் அமர்ந்திருக்க, பின்வரிசையில் குழந்தை அழ, அப்பளக் கடைக்காரர் கூவ, அங்கே நடிப்பவர் மெல்லப் பேசினால் யாருக்குக் கேட்கும்? நம் நாடக மரபு அத்தகைய மேடையில் வளர்ந்தது. 1959-இல் கண்ணதாசன் எடுத்த 'சிவகங்கைச் சீமை'யும் அம்மேடைத் தமிழின் வழி வந்ததே. தூரத்தில் இருப்பவனுக்கு உரக்கச் சொல்வது மரியாதை. ஆனால் நாவலையோ சிறுகதையையோ படிப்பவன் ஒரு முழத் தொலைவில் இருக்கிறான். அவன் காதருகே கூவுவானேன்?

கல்கியைப் பாருங்கள். 'பொன்னியின் செல்வ'னில் பூங்குழலி கோடிக்கரைப் படகுக்காரப் பெண். வானதி கொடும்பாளூர் இளவரசி. இருவருக்கும் ஆகாது. படகுக்காரி இளவரசியை ஏளனம் செய்கிறாள். இளவரசிக்கோ உள்ளூரப் பொறாமை. வெள்ளத்தில் வானதி அகப்பட்டுத் தவிக்கும்போது படகோடு வந்து காப்பவள் அதே பூங்குழலிதான். காப்பாற்றிய பிறகும் ஏளனம் நிற்கவில்லை! பெண்ணுக்குப் பெண் துணை என்று அங்கே யாரும் சொல்லவில்லை. பிடிக்காதவளையும் தண்ணீரில் விடக்கூடாது என்பது கடலோரப் பெண்ணுக்கு யாரும் கற்பிக்க வேண்டாத ஒன்று.

ஒரு மாணவியின் வினா

முழக்கம் கலையைக் கெடுக்கிறது என்பது மட்டும் என் குறையாக இருந்திருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன். அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. அதை எனக்குக் காட்டியவள் பாம்பன் பக்கத்திலிருந்து பேருந்தேறி வந்து படித்த ஒரு மாணவி.

அன்று குயிலியின் கதையைப் பேசிக்கொண்டிருந்தோம். விஜயதசமி அன்று பெண்கள் கோயிலுக்குச் செல்வதுபோல் கோட்டைக்குள் புகுந்து, பூக்கூடையில் மறைத்த ஆயுதங்களை எடுத்ததும், குயிலி உடலெங்கும் நெய் பூசித் தீ வைத்துக்கொண்டு வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்ததும் அனைவரும் அறிந்த கதை. அவளுடைய குலத்தைப் பற்றி வெவ்வேறு கூற்றுகள் உள்ளன. அவ்வழக்கில் நான் இறங்கவில்லை. உழைக்கும் குடியில் பிறந்தவள் என்பதில் அவை ஒன்றுபடுகின்றன. கதை முடிந்ததும் அம்மாணவி எழுந்தாள்.

"அம்மா, உடையாள் ராணிக்காகச் செத்தா. குயிலியும் ராணிக்காகச் செத்தா. ராணி அவங்களுக்கு என்னம்மா செஞ்சாங்க?"

பின் பெஞ்சியில் சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது. 'தாலி கொடுத்தாங்கல்ல' என்றது ஒரு குரல். 'செத்த பொறகுதானே' என்றாள் அவள்.

இவ்வினாவை நான் பெரிதும் மதிக்கிறேன். பெண்ணுக்குப் பெண் துணை என்று ஏழுமுறை முழங்குவதால் ஏற்படும் தீங்கு இதுதான்: துணை எந்தத் திசையில் போயிற்று என்று கேட்கவிடாமல் அது நம்மைத் தடுத்துவிடுகிறது. எழுதப்பட்ட நாடகங்களில் எல்லாத் துணையும் கீழிருந்து மேலே செல்கிறது. மாடு மேய்ப்பவள் உயிர் கொடுக்கிறாள். படைப்பெண் உடல் கொடுக்கிறாள். ராணி கண்ணீர் கொடுக்கிறார். இதனை ஒற்றுமை என்று பெயரிட்டு முழங்கிவிட்டால் அரசிக்கும் குடிக்கும் இடையில் உள்ள மேடும் பள்ளமும் மறைந்துபோகும்.

நாச்சியாரைக் குறைத்துச் சொல்வதற்காக இதனைச் சொல்லவில்லை. தம் படைப்பிரிவுக்கு உடையாளின் பெயரை இட்டார் என்பது செவிவழிச் செய்தி. அரசர்கள் தம் பெயரையும் தம் தெய்வத்தின் பெயரையும் படைக்கு இடுவர். மாடு மேய்த்தவள் பெயரை இடுவது எளிதன்று. தினந்தோறும் நூறு பெண்கள் அப்பெயரைச் சொல்லி எழுந்திருப்பர்; அரசியும் அதைச் சொல்லியே கட்டளையிடவேண்டும். அப்பெயர் ஒரு கடன்சீட்டுப் போல அவர் முன்னே நின்றிருக்கும். இதனை ஒரு காட்சியாக எழுதலாமே! படையில் ஒருத்தி நம் மாணவி கேட்டதைக் கேட்கட்டும். நாச்சியார் விடை சொல்ல முடியாமல் நிற்கட்டும். அவ்வாறு நின்றால் அவர் பெருமை குன்றிவிடுமா? வாளோடு நிற்பதைக் காட்டிலும் அது கடினமான நிலை அல்லவா?

கடற்கரையில் காண்பது

பெண்கள் ஒருவருக்கொருவர் எப்படித் துணை நிற்பர் என்பதை எழுத, பழைய நாவல்களைப் புரட்டுவதைவிட நம் கரையில் நடந்து பார்ப்பது நல்லது என்று அம்மாணவியிடம் சொன்னேன். அவள் தாயே பாசி எடுக்கச் செல்பவர். மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய ஆழம் குறைந்த கடலில், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுக்கும் பெண்களை நம்மில் பலர் அறிவர். மணக்கும் மரிக்கொழுந்தின் பெயரை நாறும் பாசிக்கு வைத்தவர் யாரோ, நகைச்சுவை உடையவர்!

21 தீவுகளைக் கொண்ட அப்பகுதி 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பாட்டி காலத்திலிருந்து செய்த தொழில் ஒரே நாளில் குற்றமாகிவிட்டது. அப்பெண்கள் செய்தது என்ன? தமக்குள் கூடி, மாதத்தில் 12 நாட்களே பாசி எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்தனர். பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியை விட்டுக் கையால் எடுத்தனர். சங்கம் அமைத்து அதிகாரிகளிடம் வாதாடினர். அவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் இலட்சுமி 2015-இல் 'சீகாலஜி' என்ற பன்னாட்டு அமைப்பின் விருதைப் பெற்றார்.

பன்னிரண்டு நாள் என்பது சிறிய செய்தியன்று. வயிறு பசிக்கும்போது, கடல் அமைதியாக இருக்கும்போது, யாரும் பார்க்காதபோது, பதின்மூன்றாம் நாள் போகாமல் இருக்கவேண்டும். ஒருத்தி போனால் எல்லாரும் போவர். ஒருத்தி போகாமல் இருப்பது மற்றவளுக்குச் செய்யும் துணை. இதில் வாளும் இல்லை, நெருப்பும் இல்லை. மேடையில் காட்டுவதும் கடினம். ஆனால் விருப்பாட்சியில் எட்டாண்டு காலம் எப்படிப் போயிற்று என்று எழுத விரும்புவோருக்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை. பெண்படை அங்கே தினமும் போர் செய்யவில்லை. நெல் குத்தியிருக்கும், காய்ச்சலில் கிடந்தவளுக்குக் கஞ்சி வைத்திருக்கும், ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று எண்ணியவளை மற்றொருத்தி இரவில் உட்கார்த்திப் பேசியிருப்பாள். அந்த எட்டாண்டை நம் நாடகங்கள் 'ஆண்டுகள் உருண்டோடின' என்ற ஒரே அறிவிப்பில் கடந்துவிடுகின்றன.

எழுதப்படாத அத்தை

இன்னுமொன்று. வேலு நாச்சியாருக்குத் துணைநின்ற பெண்களைத் தேடித் தேடி எழுதுவோர், நம் ஊர்க் கோட்டையிலேயே இருந்த ஒரு பெண்ணைக் கண்ணெடுத்தும் பாரார். முத்துத் திருவாயி நாச்சியார் வேலு நாச்சியாருக்கு அத்தை முறை. அண்ணன் மகள் அங்கே சிவகங்கையில் மருமகளாய்ச் சென்றிருக்க, இவர் இங்கே கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சேது நாட்டைக் காத்தார். இரு சீமைக்கும் இடையே எல்லைப் பிணக்குகளும் இருந்தன. எனவே அத்தையும் மருமகளும் எப்போதும் கொஞ்சிக் குலவினர் என்று கொள்வதற்கில்லை. ஒரே மாதத்தில் இருவர் வாழ்வும் கவிழ்ந்தது. ஒருத்தி சிறைக்கு, ஒருத்தி காட்டுக்கு.

அத்தை வீழ்ந்த செய்தி மருமகளுக்கு எப்படி வந்திருக்கும்? இராமநாதபுரம் வீழ்ந்ததற்கும் காளையார்கோயில் வீழ்ந்ததற்கும் இடையில் மூன்று வாரம். அம்மூன்று வாரத்தில் சிவகங்கை அரண்மனையில் நாச்சியார் என்ன நினைத்திருப்பார்? பழைய பிணக்கை நினைத்தாரா, பிள்ளைப் பருவத்தில் தம் தலைவாரிவிட்ட கையை நினைத்தாரா? இராமலிங்க விலாசத்தின் மேல்மாடி ஓவியங்களில் அரசரைச் சூழ்ந்து நிற்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் கல்லூரி முடிந்து நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அந்தச் சுவர்களுக்கு இடையில் வளர்ந்தவர் வேலு நாச்சியார். அதே கோட்டைக்குள்ளிருந்து கொண்டு செல்லப்பட்டவர் அத்தை. சேதுபதிக்கு விடுதலை கிடைத்தது 1781-இல். அதற்கு முந்திய ஆண்டே நாச்சியார் சிவகங்கையை மீட்டுவிட்டார். மீட்ட பின் நாச்சியாரின் முதல் ஓலை திருச்சிராப்பள்ளிச் சிறைக்குச் சென்றதாக ஒருவர் கற்பனை செய்தால் வரலாறு அதைத் தடுக்காது. அது போகவே இல்லை என்று மற்றொருவர் எழுதினாலும் தடுக்காது. இரண்டாவதை எழுதுபவரே துணிச்சல்காரர் என்பது என் கருத்து.

வினா எழுப்பிய மாணவி அவ்வாண்டே ஒரு நாடகம் எழுதத் தொடங்கினாள். மூன்று காட்சிகள். முதற்காட்சியில் உடையாள் இரண்டே சொல் பேசுகிறாள். இரண்டாவதில் படைப்பெண்கள் இரவுச் சோறு சமைக்கின்றனர். உப்புப் போதவில்லை என்று சண்டை வருகிறது. அச்சண்டையின் நடுவில் அவளுடைய பழைய வினா வேறொருத்தியின் வாயிலிருந்து வருகிறது. மூன்றாவது காட்சி நாச்சியாரின் விடை. அதனை நான்குமுறை எழுதிக் கிழித்துவிட்டதாகச் சொன்னாள். முதல் மூன்று பிரதிகளையும் நான் படித்தேன். மூன்றிலும் நாச்சியார் நன்றாகவே பேசினார். மூன்றையும் அவள்தான் ஏற்கவில்லை. நான்காவதில் நாச்சியார் பேசாமல் உப்புச் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போகிறாராம். எங்கே போகிறார் என்பது தனக்கு இன்னும் பிடிபடவில்லை என்றாள்.